பாரி நகரத்துத் தாத்தா

பாரி, இத்தாலி
15 செப்டம்பர் 2002

அன்புள்ள செனோவியா அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை. நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஒமெல்யான் அத்தான் புகைப்பதைக் குறைத்தாரா? என் உஸ்தீனாவுக்கு இரண்டாம் வகுப்பில் புது டீச்சரா, பழைய டீச்சரேதானா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. போன தடவை மாதிரி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

கிழவர் பாஸ்குவாலேக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. காலையில் குளிப்பாட்டி, தாடியை வாரிவிட்டு, கஞ்சி ஊட்டி உட்கார வைத்தால் மதியம் வரை என்னைத் திட்டுவார். மதியத்துக்கு மேல் என்னைச் செத்துப்போன தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு கொஞ்சுவார். சம்பளம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. டிசம்பர் பத்தொன்பது புனித மிக்கோலாய் திருநாளுக்கு நான் அனுப்பும் சாமான்களை இந்த வருஷம் "அம்மா அனுப்பியது" என்று சொல்லிக் கொடு. மூன்று வருஷமாக வாங்குகிறவள் நான். இரண்டாயிரம் கிலோமீட்டர் வண்டியில் கொண்டு வருகிறவர் லெவ்கோ. யாருக்கும் தெரியாமல் கோயில் கூடத்தில் கொண்டுபோய் வைக்கிறவள் நீ. பிள்ளைக்குப் பரிசு கொடுத்தார் என்ற பெயர் மட்டும் மிக்கோலாய்க்கு. போன ஞாயிறு உன் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டபோது அவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"மிக்கோலாய் எனக்கு பூட்ஸ் குடுத்தாரு, பொம்மை குடுத்தாரு. நீ இத்தாலிக்குப் போயி இத்தனை நாளாச்சே, ஒரு மிட்டாயாச்சும் குடுத்தியாம்மா?"

இங்கே என் பின்னால் போனுக்கு வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று அழாமல் இருந்தேன்.

இங்கே நம் மிக்கோலாயை நிக்கோலா என்கிறார்கள். அவருடைய கல்லறை இருக்கும் கோயிலைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறேன். ஒரு நாள் உள்ளே போய் நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். "ஐயா, உங்களுக்கு ஆயிரம் வருஷமாப் பேரு இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. அவ அப்பன் சைபீரியாவுல வேற ஒருத்தியோட குடித்தனம் பண்றான். இந்தத் தடவை நீங்க கொஞ்சம் விட்டுக் குடுங்க." அவர் பதில் சொல்லவில்லை. நீயாவது சொல்.

உஸ்தீனாவுக்கு ஆயிரம் முத்தம்.

உன் தங்கை
பொக்தானா

---

வெர்பிவ்கா
26 செப்டம்பர் 2002

அன்புத் தங்கை பொக்தானாவுக்கு,

என்றென்றும் மகிமை. நீ கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில். முதுகு வலிக்கிறது. உன் அத்தான் குறைக்கவில்லை. டீச்சர் பழையவர்தான். உருளைக்கிழங்கு எடுத்தாகிவிட்டது, பாதி சொத்தை. பசு சினையாக இருக்கிறது.

மிக்கோலாய் விஷயம் நடக்காது. உஸ்தீனாவிடம் இன்று சொன்னால் நாளை வகுப்பு முழுக்கத் தெரியும். சாயங்காலம் ஊரிலுள்ள தாய்மார்கள் எல்லாரும் என் வாசலில் வந்து நிற்பார்கள். அவரவர் வீட்டிலிருந்து பிள்ளையின் பெயர் எழுதிய பையைக் கோயில் கூடத்தின் பின்வாசல் வழியாகக் கொண்டு வந்து வைப்பதும், உன் அத்தான் சிவப்பு அங்கியும் பிஷப் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பதும் உனக்குத் தெரியாததா? போன வருஷம் ஆட்டுரோமத் தாடி கழன்று விழுந்தது. அந்த மனிதர் ஒரு கையால் தாடியைப் பிடித்தபடியே கடைசிப் பிள்ளை வரைக்கும் கூப்பிட்டார். அவருக்கு இருக்கிற பொறுமையில் பாதி உனக்கு இருந்தால் போதும்.

யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுப்பதுதான் அந்த நாள். நம் அம்மா நம்மிடம் பெயர் கேட்டாளா?

உஸ்தீனா நன்றாகச் சாப்பிடுகிறாள். அவள் அறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது. அதனால் கட்டிலை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். நீ மே மாதம் அனுப்பிய போட்டோவை, அதுதான், நீ அந்தக் கிழவருக்குக் கஞ்சி ஊட்டுகிற படத்தை, கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தினமும் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் இல்லை என்று கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே.

அக்கா
செனோவியா

---

பாரி
20 அக்டோபர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

மகிமை. நான் சுகம். உன் முதுகுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். ராத்திரியில் தேய்த்துக்கொள், அத்தானைத் தேய்க்கச் சொல், அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

நீ சொன்னதை யோசித்தேன். சரி, பெயரை மிக்கோலாயே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இப்போது அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைத்திருக்கிறது. காகிதம் இல்லாமல் வேலை பார்க்கிறவர்களுக்கு இத்தாலி அரசாங்கம் இந்த முறை இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கொடுக்கிறது. கிழவரின் மகன் அந்தோனியோ கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டான். மனு கொடுத்த ரசீது கையில் இருந்தால் போய்த் திரும்பலாம் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள், கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் போகலாம் என்று சொல்கிறவர்களை நம்புவதாக இருக்கிறேன். டிசம்பர் பத்தொன்பதுக்கு நான் வெர்பிவ்காவில் இருப்பேன் அக்கா! மூன்று வருஷம் கழித்து!

இன்னொன்று. உஸ்தீனா போனை எடுத்தவுடன் "தாத்தா எப்படி இருக்காரு? மாத்திரை சாப்பிட்டாரா? கால் வலி தேவலையா?" என்று கேட்கிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன வண்டியில் ஒரு மூட்டை வால்நட் வந்தது. அதோடு பிள்ளைகள் கையெழுத்தில் "தாத்தாவுக்கு" என்று ஒரு சீட்டு. கீழே வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. இந்தக் கிழவருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. எதற்கு இதெல்லாம்?

நான் வருவதை அவளிடம் நீ முதலில் சொல். என்ன சொன்னாள் என்று எழுது, அவள் சொன்ன மாதிரியே எழுது.

உன் தங்கை
பொக்தானா

---

வெர்பிவ்கா
31 அக்டோபர் 2002

அன்புத் தங்கைக்கு,

மகிமை. எல்லோரும் நலம். களிம்பு நாறுகிறது, ஆனால் கேட்கிறது.

காகிதச் செய்தி நல்லது. ஆனால் டிசம்பரில் மலைப்பாதையில் பனி அதிகம். போன டிசம்பரில் லெவ்கோவின் வண்டி எல்லையில் இரண்டு நாள் நின்றது. சிலர் கூடாது என்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டு வந்து, திரும்பப் போக முடியாமல் போனால் என்ன செய்வாய்? இங்கே சர்க்கரை ஆலையை மூடி உனக்கு வேலை போனபோது இருந்த நிலைமைதான் இப்போதும் இருக்கிறது. வசந்த காலத்தில் வரலாம்.

உஸ்தீனாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன். அவள் உன் கிழவருக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள். குதிகாலை மட்டும் நான் போட்டுக் கொடுத்தேன். லெவ்கோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு மாட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். அனுப்பிவிடு.

வாத்துகள் கொழுத்துவிட்டன.

அக்கா
செனோவியா

---

பாரி
17 நவம்பர் 2002

அக்காவுக்கு,

மகிமை. உன் உடம்பும் அத்தான் உடம்பும் நலம் என்று நம்புகிறேன்.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததால் இன்று காலை நானே போனில் சொன்னேன். "தங்கம், மிக்கோலாய்க்கு அம்மா வீட்டுக்கு வந்துடுவேன்" என்றேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்:

"வேணாம்மா. நீ வராதே. அங்கேயே இரு."

"ஏன்டி அப்படிச் சொல்றே?"

"பெரியம்மா என்னை நல்லாப் பாத்துக்கிறாங்க. நீ வந்தா சரிப்படாது."

வைத்துவிட்டாள். என் மகள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், படித்துப் பார்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அவள் மனசில் என்ன போட்டாய்? கட்டிலை உன் அறைக்கு மாற்றினாய். வராதே என்று எழுதுவதற்குப் பனி, எல்லை, ஆலை எல்லாம் தேடிப்பிடித்தாய். உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக நான் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன், அது உனக்கும் தெரியும். அதற்காக என் பிள்ளையை எடுத்துக்கொள்வாயா? நான் இங்கே அந்நியக் கிழவரின் படுக்கையை மாற்றிக்கொண்டிருப்பது அவளுக்காகத்தான். அவள் எனக்கு இல்லை என்றால் இந்த ஊரில் எனக்கு என்ன வேலை?

பதில் எழுது. வாத்துகளைப் பற்றி எழுதாதே.

பொக்தானா

---

பாரி
1 டிசம்பர் 2002

அக்காவுக்கு,

மகிமை. எல்லோரும் நலமா?

இரண்டு வண்டி வந்துவிட்டது, உன் கடிதம் இல்லை. "குடுக்கலையேம்மா, நான் என்ன பண்றது" என்று லெவ்கோ கையை விரிக்கிறார். போன கடிதத்தில் நான் எழுதியது அதிகப்படிதான். ஆனால் அழிக்கவும் மனமில்லை.

திருநாளுக்கான பையை இந்த வண்டியில் அனுப்புகிறேன். நீல நிறக் கோட்டு, கலர் பென்சில் பெட்டி, ஆரஞ்சு, சாக்லேட். பையில் அவள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், என் பெயரை எழுதவில்லை. நான் வருவது சந்தேகம். கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. காலுறையைப் போட்டுவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

எதையாவது எழுது.

பொக்தானா

---

வெர்பிவ்கா
5 டிசம்பர் 2002

அன்புத் தங்கைக்கு,

மகிமை. இங்கே நலம். பசு கன்று போட்டது, கிடாரி.

உன் கடிதத்தை இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவள் மனசில் நான் எதையும் போடவில்லை. நடந்தது இதுதான்.

மே மாதம் உன் போட்டோ வந்த அதே வாரம், ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி மிக்கோலாய் படத்தைக் காட்டியிருக்கிறார். வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, கையில் கோல். "இவரு இப்ப எங்க இருக்காரு சிஸ்டர்?" என்று ஒரு பிள்ளை கேட்க, அவரும் கல்லறை என்று சொல்ல மனமில்லாமல், "இத்தாலியில பாரின்னு ஒரு ஊரு, அங்கதான் இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். உஸ்தீனா மூச்சிரைக்க ஓடி வந்து உன் போட்டோவைக் கையில் எடுத்தாள். உன் கிழவர் சிவப்புப் போர்வைச் சட்டையும் தாடியும் கைத்தடியுமாக உட்கார்ந்திருக்கிறார்.

"பெரியம்மா, அம்மா யாருக்குக் கஞ்சி ஊட்டுறாங்க?"

"வயசான ஒரு தாத்தாவுக்கு."

"எந்த ஊர்ல?"

"பாரியில."

போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்கு நான் எழுதியதில்லை. "உங்கம்மா கெழவனுக்குப் பீ அள்ளப் போயிருக்கா" என்று பிள்ளைகள் சொல்வார்கள். வீட்டில் கேட்டதைத்தானே பிள்ளைகள் சொல்லும். இவள் ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். மே மாதத்துக்குப் பிறகு லூதா என்ற பெண் அதையே சொன்னபோது இவள் நிமிர்ந்து நின்றிருக்கிறாள். "ஆமாடி, அள்ளுறாங்க. எங்கம்மா பாத்துக்கலேன்னா அந்தத் தாத்தா செத்துருவாரு. அப்புறம் உனக்கு யாருடி மிட்டாய் குடுப்பா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே வாயை மூடிக்கொண்டது என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். வால்நட் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

உன் அத்தான் வேஷம் போடுவது அவளுக்குத் தெரியும். "நிஜத் தாத்தாவுக்குக் கால் வலி, அவரால வர முடியாது, அதான் பெரியப்பாவை வச்சுக் குடுக்குறாரு" என்பாள்.

நீ வருகிறேன் என்றால் அவருக்கு யார் கஞ்சி ஊட்டுவது? அதனால்தான் வராதே என்றாள். "பெரியம்மா, அம்மா வேணும்னுதான் எனக்கும் இருக்கு. ஆனா எல்லாப் புள்ளைங்களுக்கும் வேணுமே" என்று என்னிடம் சொன்னாள். நான் சொன்னது இல்லை இது. அவர் மிக்கோலாய் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அவள் அழுவதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திருநாள் முடியும் வரைக்கும் இப்படியே இருக்கட்டும். கிழவரின் உடம்பைப் பற்றி அவளிடம் போனில் பேசாதே.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

அக்கா
செனோவியா

---

பாரி
8 டிசம்பர் 2002, மாலை

அக்கா,

உன் கடிதம் மத்தியானம் கிடைத்தது. காலையிலேயே கிடைத்திருக்கக் கூடாதா!

கிழவர் வெள்ளிக்கிழமை போய்விட்டார். இங்கே நிக்கோலா திருநாள் ஆறாம் தேதி, தெருவெல்லாம் விளக்குப் போட்டிருந்தது. வாசலில் மேளம் போய்க்கொண்டிருந்தது, உள்ளே அவர் மூச்சு நின்றது. உஸ்தீனாவின் காலுறையோடுதான் பெட்டியில் வைத்தார்கள். அவர் மகள் கழற்றப் போனாள், நான் விடவில்லை.

இன்று காலை உஸ்தீனாவுக்குப் போன் பண்ணினேன். எடுத்தவுடன் "தாத்தா எப்படி இருக்காரு?" என்றாள். அக்கா, நான் நல்ல செய்தி சொல்லுகிறவளைப் போலச் சொன்னேன். "தாத்தா செத்துட்டாரும்மா. அம்மாவுக்கு இனி இங்க வேலை இல்ல. வந்துடுவேன்" என்றேன். போனை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டம்மா வந்து, "புள்ள எந்திரிச்சுப் போயிட்டாளே, என்ன சொன்னே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு, வண்டி வந்து நிற்கிற சந்தைத் திடலில் லெவ்கோ உன் கடிதத்தைக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். என்ன செய்துவிட்டேன் நான்! ஊர்ப் பிள்ளைகளின் மிக்கோலாயைத் திருநாளுக்குப் பதினோரு நாள் முன்னால் கொன்றுவிட்டேன்.

அந்தோனியோ வேறு ஒன்று சொல்கிறான். மாடியில் அவனுடைய அத்தை இருக்கிறாள், நடக்க மாட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டால் மனுவை விடாமல் நடத்திக் காகிதத்தை வாங்கிக் கொடுப்பானாம். பிப்ரவரி வரை நகரக் கூடாதாம். இப்போது நான் வந்தால் காகிதமும் இல்லை, திரும்பி வரவும் முடியாது.

உன்னைச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. அவள் என்ன செய்கிறாள்? சாப்பிடுகிறாளா? உடனே எழுது.

பொக்தானா

---

பாரி
22 டிசம்பர் 2002

அக்கா,

மகிமை. பத்தொன்பது போய்விட்டது. போன் பண்ணினால் அவள் வர மாட்டேன் என்கிறாளாம். நீயும் வருவதில்லை. மாடியில் அத்தையிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவள் திட்டுவதில்லை, பேசுவதே இல்லை. கூடத்தில் என்ன நடந்தது? பிள்ளைகளிடம் அவள் சொல்லிவிட்டாளா? ஒரு வரி எழுது. வாத்துகளைப் பற்றியானாலும் சரி, எழுது.

பொக்தானா

---

வெர்பிவ்கா
26 டிசம்பர் 2002

அன்புத் தங்கைக்கு,

மகிமை. எல்லோரும் நலம். அவளும் நலம். எழுத முடியாமல் போனது, எழுத ஒன்றும் இல்லாததால்தான்.

நீ போன் பண்ணிய அன்று வந்து கட்டிலில் ஏறி, போட்டோவைக் கழற்றி, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் உன் அத்தானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தோம். உன் அத்தான் பத்து நாளாகப் புகைக்க மறந்துவிட்டார்.

பத்தொன்பதாம் தேதி காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அவளே உடுத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்காராமல் சுவரோரம் நின்றாள். உன் அத்தான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, யாருக்குப் பை வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். லூதாவுக்கு வந்தது. வேலியோரத்து வீட்டு இரட்டையர்களுக்கு வந்தது. ஒவ்வொரு பைக்கும் இவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கடைசியில் இவளைக் கூப்பிட்டார். பை வாங்கும் முன் மிக்கோலாய்க்குச் சொல்ல வேண்டிய பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள், பையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்துக் காதில் கேட்டிருக்கிறாள்.

"பெரியப்பா, இதெல்லாம் உங்களுக்கு யாரு அனுப்பினது?"

"மேலேருந்து வந்ததும்மா."

"சும்மா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்த முகம். மூன்று கிண்ணம் கோதுமைப் பாயசம் சாப்பிட்டாள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. போட்டோ மறுபடியும் சுவருக்கு வந்துவிட்டது. நீல நிறக் கோட்டு அளவாக இருக்கிறது.

ஆக, அவள் தேறிவிட்டாள். நீ பதறாமல் அங்கே காகிதத்தை முடித்துக்கொண்டு நிதானமாக வா. நான் பார்த்துக்கொள்கிறேன். காய்ந்த காளானும் பன்றிக் கொழுப்பும் அனுப்பியிருக்கிறேன். காளானை நனைத்துச் சமை.

அக்கா
செனோவியா

---

(காளான் பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருந்தது)

அம்மாவுக்கு உஸ்தீனா எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. இது ரகசியக் கடிதம். பெரியம்மாவுக்குத் தெரியாது.

தாத்தா செத்துப்போனதை நான் யார் கிட்டயும் சொல்லலை. லூதா கிட்டகூடச் சொல்லலை. இந்த வருஷம் யாருக்கும் ஒண்ணும் வராது, எல்லாரும் அழப்போறாங்கன்னு நெனச்சேன். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா எல்லாருக்கும் வந்துச்சு. ஒருத்தருக்குக்கூட விட்டுப்போகலை. பேரைக்கூடச் சரியா எழுதியிருந்துச்சு. தாத்தா இல்லாம யாரு அனுப்பினாங்கன்னு நான் யோசிச்சேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தாத்தாவோட வேலையெல்லாம் உனக்குத்தானே தெரியும். நீதானே அம்மா எல்லாருக்கும் அனுப்பினே. நீ ஒருத்தியே.

உனக்கு ரொம்பக் கை வலிச்சிருக்கும். நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்.

இனிமே அந்த வேலையை நீதானே பாக்கணும். அதனால நீ வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். பரவாயில்லை. நான் அழ மாட்டேன். கோட்டு நல்லா இருக்கு.

உஸ்தீனா

---

பாரி
29 டிசம்பர் 2002

என் உஸ்தீனாவுக்கு,

உன் ரகசியக் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அம்மா நன்றாக இருக்கிறேன். கை வலிக்கவில்லை. கடிதத்தைச் சந்தைத் திடலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் லெவ்கோ மாமா என்னை ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

நீ கண்டுபிடித்தது பாதி சரி, பாதி தப்பு. உன் பையை அனுப்பியது நான்தான். இந்த வருஷம் மட்டுமல்ல, பூட்ஸும் பொம்மையும்கூட நான்தான். ஆனால் மற்றப் பிள்ளைகளுடையதை நான் அனுப்பவில்லை. லூதாவுக்கு லூதா வீட்டில் ஒருத்தர் இருக்கிறார். இரட்டையர்களுக்கு அவர்கள் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் மிக்கோலாய் இந்த வேலையை ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கஞ்சி ஊட்டியவர் வேறு தாத்தா. பாவம், நல்லவர்தான், திட்டுவார். நீ பின்னிய காலுறையோடு போனார். அவர் போனதால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் குறையாது. நீ இனிப் பயப்பட வேண்டாம். இது பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பதினோரு நாள் ஊர் மொத்தத்துக்கும் நீ ஒருத்தியே பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாயே, அதனால் உனக்குச் சொல்லலாம்.

இந்த வேலையை வீட்டில் இருந்துதான் பார்க்க வேண்டும். அது தெரியாமல் நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

இங்கே ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தேன். வேண்டாம் என்று மாடி வீட்டில் இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். இன்றைய வண்டியில் இடமில்லை, அடுத்த ஞாயிறு ஏறுகிறேன். வந்து சேர மூன்று நாள் ஆகும், ஜனவரி ஏழாம் தேதி நம் ஊர்க் கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் பிந்திவிடும்.

இந்தக் கடிதத்தைப் பெரியம்மாவிடம் படிக்கக் கொடு. அவளிடமிருந்து ரகசியம் வேண்டாம். நம் வீட்டில் இத்தனை வருஷம் அந்த வேலையைப் பார்த்தவள் அவள்தான். கட்டில் அவள் அறையிலேயே இருக்கட்டும். எனக்கு அங்கே ஒரு ஓரத்தில் இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டு வை.

அம்மா